கடன் தீரும்வரை தசமபாகத்தை நிறுத்தலாமா?

கேள்வி, 2025 பிப்ரவரி 8
எனக்கு 29 வயது. மூன்று கடன், அதுபோக ஒரு கிரெடிட் கார்டு. சம்பளத்தில் பத்தில் ஒன்றைத் தவறாமல் காணிக்கையாகக் கொடுத்து வருகிறேன். கொடுத்தால் கர்த்தர் கடனைத் தீர்ப்பார் என்று சபையில் சொல்கிறார்கள். கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் மளிகைக்குக் கார்டைத் தேய்க்கிறேன். நிறுத்தினால் பாவமா? கடனிலிருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு
நிறுத்துங்கள் தம்பி. நாங்கள் நிறுத்தினோம். கார்டில் கடன் வாங்கிக் காணிக்கை போட்டால், அது உங்கள் காணிக்கை அல்ல, வங்கியின் பணம். சங்கீதம் 37:21 நேராகவே சொல்கிறது: "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்." வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும் தேவனுக்கு முன்பாகச் செய்கிற காரியம்தான்.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாளையங்கோட்டை. நான் தனியார் பள்ளி ஆசிரியை, என் வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக். 2020-ல் ஒர்க்ஷாப் மூடிக் கிடந்தது, எனக்குப் பாதிச் சம்பளம். 2021 ஜூனில் ஒரு நாள் இரவு பிள்ளைகள் தூங்கின பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிப் பார்த்தோம்:

வங்கி நகைக்கடன் 1,60,000, வருஷத்துக்கு 9 சதவீதம்.
கிரெடிட் கார்டு 84,000, மாதம் 2.9 சதவீதம்.
தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு (நூறுக்கு மாதம் மூணு ரூபாய்) 1,20,000.
குழுக் கடனில் பாக்கி 35,000.
நண்பருக்காக இவர் போட்ட ஜாமீன் கையெழுத்து, அந்த வண்டிக் கடனில் பாக்கி 68,000.

மொத்தம் 4,67,000. எங்கள் இரண்டு பேர் வருமானமும் சேர்த்து அப்போது 33,000. முதல் மூன்றுக்கும் வட்டி மட்டும் மாதம் 7,236. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

2024 மே மாதம் எல்லாம் முடிந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு மாதம் குறைவு.

2025 பிப்ரவரி 10
நேற்று எழுதியதை இவர் காலையில் படித்துவிட்டு, "நிறுத்தினோம்னு எழுதியிருக்கியே, அது சரியில்லையே" என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. நிறுத்தியது மாதம் 1,900 ரூபாயை, அதாவது என் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கை. அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமைப் பையில் 50 ரூபாய் போட்டோம். அப்புறம் கைப்பிடி அரிசி. அது ஒரு நாளும் நிற்கவில்லை.

வேறு ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சோறு பொங்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவோம். மாதக் கடைசியில் அது கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும். ஆச்சி செய்தார்கள், அம்மா செய்தார்கள், நானும் செய்கிறேன். திருநெல்வேலியில் 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை நம்பி எழும்பியதல்ல, நம் ஜனங்களின் சில்லறைக் காணிக்கையில் வளர்ந்தது. கொடுக்கிற பழக்கம் கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்கு அந்த டப்பா போதும். 2 கொரிந்தியர் 8:12-ஐப் பாருங்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்றிருக்கிறது.

ஆகவே தம்பி, என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். நிறுத்த வேண்டாம். குறையுங்கள். குறைத்ததை உங்கள் குருவானவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்தால் அது உள்ளே இருந்து அரிக்கும். நாங்கள் எங்கள் சேகரத்து ஐயரிடம் (குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம்) நோட்டையே கொண்டுபோய்க் காட்டினோம். அவர் ஜெபம் பண்ணிவிட்டு, "மூணு வட்டியை முதல்ல முடிங்கம்மா" என்றார். அவ்வளவுதான். எங்களை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

2025 பிப்ரவரி 13
மல்கியா 3:10-ஐ எடுத்துக்காட்டி ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார், தசமபாகத்தைக் குறைப்பது தேவனை வஞ்சிப்பது என்று. அந்த வசனத்தை நானும் நேசிக்கிறேன். ஆனால் அதே வேதத்தில் மாற்கு 7-ஐயும் பாருங்கள் அண்ணே. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைச் செய்யாமல் "கொர்பான், காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன்" என்றவர்களை இயேசு கண்டித்தார். மத்தேயு 5:24-ல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து" என்கிறார். நமக்குக் கடன் கொடுத்தவன் மனத்தாங்கலோடு வெளியே நிற்கும்போது உள்ளே நாம் பையில் போடுவதைப் பற்றித்தான் இது பேசுகிறது என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2020 கடைசியில் ஒரு பிரசங்கியார் டிவியில் விதைக் காணிக்கை கேட்டார். விதைத்தால் நூறு மடங்கு என்றார். கார்டில் 10,000 எடுத்து அனுப்பினேன். இவருக்குச் சொல்லவில்லை. மேலே எழுதிய 84,000-க்குள் அந்தப் பத்தாயிரமும் இருக்கிறது. இரக்கத்தினால் கொடுப்பது வேறு, பயத்தினால் லாட்டரிச் சீட்டு வாங்குவதுபோலக் கொடுப்பது வேறு. நான் கொடுத்தது இரண்டாவது வகை. அதை நோட்டில் எழுதின இரவுதான் இவரிடம் சொன்னேன்.

2025 பிப்ரவரி 16
கணக்கில் பிழை. ஒரு வாசகர் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. கார்டு வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆக 84,000-க்கு மாதம் 2,436 அல்ல, 2,874. அதாவது 2.9 என்று போட்டிருந்தாலும் கையிலிருந்து போனது கிட்டத்தட்ட 3.4. நூறு ரூபாய்க்கு இவ்வளவு என்று பார்த்தால், மூணு வட்டிக்காரரைவிட கார்டுதான் அதிகம் தின்றிருக்கிறது! இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் எனக்கே தெரிகிறது. வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றதால் அவர் பெரிதாகத் தெரிந்தார். கார்டு மெசேஜ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது.

கார்டில் "மினிமம் ட்யூ" மட்டும் கட்டி வருகிறவர்கள் வங்கிக்கு போன் போட்டு, பாக்கி முழுவதையும் இஎம்ஐ-யாக மாற்றித் தரக் கேளுங்கள். எங்களுக்கு வருஷம் 16 சதவீதத்தில் 18 மாதத்துக்கு மாற்றித் தந்தார்கள், மாதம் 5,300 போல வந்தது. மாற்றின அன்றே கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டோம். வெட்டாமல் மாற்றினால் பழைய கடன் ஒரு பக்கம், புதுக் கடன் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

2025 பிப்ரவரி 22
மூணு வட்டியை எப்படி அடைத்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நகையை விற்றோம். அடகு வைக்கவில்லை, விற்றோம். அம்மா எனக்குப் போட்ட செயினும் இரண்டு வளையலும், 28 கிராம், மூன்றரைப் பவுன். அன்று பவுன் 36,000-ஐ ஒட்டி இருந்தது. கழிவு போக 1,21,000 கையில் வந்தது. அசல் 1,20,000, அந்த மாத வட்டி 3,600. குறைந்த 2,600-ஐச் சம்பளத்தில் போட்டுக் கொடுத்து, புரோநோட்டைத் திருப்பி வாங்கினோம்.

அதற்கு முன்னால் இவர் வேறு ஒரு யோசனை சொன்னார். ஒர்க்ஷாப் கம்ப்ரஷரையும் வெல்டிங் செட்டையும் விற்றுவிடலாம், நகையைத் தொட வேண்டாம் என்று. என் கழுத்து வெறுமையாவதை அவரால் பார்க்க முடியவில்லை. நான் உபாகமம் 24:6-ஐ எடுத்துக் காட்டினேன். திரிகையின் அடிக்கல்லையோ மேற்கல்லையோ அடகாக வாங்கக் கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவதுபோல. மாவு அரைக்கிற கல் போனால் வீட்டில் அப்பம் இல்லை. கம்ப்ரஷர் போனால் எங்கள் வீட்டில் இவர் வருமானம் 14,000 இல்லை. வசனம் கடன் கொடுப்பவனுக்குச் சொன்னதுதான், ஆனால் கடனாளிக்கும் பொருந்தும். கடனை அடைக்கிற அவசரத்தில் சம்பாதிக்கிற கருவியை விற்காதீர்கள். ஆட்டோக்காரர் ஆட்டோவை, டெய்லர் தையல் மிஷினை.

எலிசாவிடம் அழுதுகொண்டு வந்த விதவையை நினைத்துப் பாருங்கள், 2 இராஜாக்கள் 4. கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்திருக்கிறான். எலிசா கேட்டது, உன் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அற்புதம் நடந்த பிறகும் எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததில் ஜீவனம் பண்ணு என்றுதான் சொன்னார். அந்த வரிசையைக் கவனியுங்கள்.

2025 மார்ச் 5
இன்று சாம்பல் புதன். ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், கறி மீன் விடுவோம். 2022 லெந்தில் அந்த நாற்பது நாளும் மிச்சமான மீன் காசை ஓர் உண்டியலில் போட்டு, ஜாமீன் கடனுக்குக் கட்டினோம். பெரிய தொகை இல்லை. ஆனால் பிள்ளைகள் தினமும் ராத்திரி உண்டியலைக் குலுக்கிப் பார்ப்பார்கள்.

பிள்ளைகளிடம் கடனைச் சொல்லலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நாங்கள் சொன்னோம். மூத்தவளுக்கு அப்போது 12. தொகையைச் சொல்லவில்லை, "நாம கொஞ்சம் பேருக்குக் கொடுக்கணும், கொடுத்து முடிக்கிறவரைக்கும் புதுசு வாங்க மாட்டோம்" என்று மட்டும். 2021 கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி இல்லை. எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் காலை ஆராதனைக்குப் பழைய துணியில் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். எல்லாக் கண்ணும் துணி மேல்தான் இருக்கும். சின்னவன் போன வருஷத்துச் சட்டையைப் போட்டான், கை குட்டையாகிவிட்டது. மூத்தவள் தன் பாவாடையின் மடிப்பை அவளே பிரித்து இறக்கிக்கொண்டாள். நான் கேட்கவில்லை, அவளே செய்தாள். அன்று கோயிலில் நான் பாட்டுப் பாடவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

2025 மார்ச் 11
மாதம் எப்படி நடத்தினீர்கள் என்ற கேள்விக்கு: கார்டு 5,300, குழு 2,400, ஜாமீன் 4,000, நகைக்கடன் வட்டி 1,200. மொத்தம் 12,900. மிச்சம் 20,100-ல் சாப்பாடு, கரண்ட், ஸ்கூல் ஃபீஸ், மருந்து. மாமியார் வீடு என்பதால் வாடகை இல்லை. வாடகை கட்டுகிறவர்களுக்கு இதைவிடக் கஷ்டம், அது எனக்குத் தெரியும்.

கல்யாண மொய்யைக் குறைத்தோம். 1,000 எழுதிய இடத்தில் 200. சொந்தத்தில் இரண்டு வீட்டில் மனஸ்தாபம் ஆனது, ஒரு வீட்டில் இன்னும் பேச்சு இல்லை.

2025 மார்ச் 19
தனியாக ஒருவர் எழுதியிருந்தார், பத்து வட்டிக்கு வாங்கியிருக்கிறாராம். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். தயவுசெய்து கேளுங்கள். இதற்குச் சிக்கனமும் நோட்டும் உண்டியலும் போதாது. தமிழ்நாட்டில் அநியாய வட்டிக்கு எதிராக 2003-ல் வந்த சட்டம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம். பதில் வரவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள், கூட வக்கீலையோ சபைப் பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு போங்கள். 2017 அக்டோபரில் எங்கள் நெல்லைக் கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதில் இரண்டு சின்னக் குழந்தைகள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். உயிரைவிடப் பெரிய கடன் கிடையாது. இன்றைக்கே ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள்.

வங்கி, பைனான்ஸ் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கூப்பிட்டால் தேதி, நேரம் எழுதி வையுங்கள்.

நெகேமியா 5-ஐ எங்கள் கோயிலில் பிரசங்கத்துக்கு எடுத்து நான் கேட்டதே இல்லை. பஞ்சத்தில் ஜனங்கள் வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்டிருக்கிறார்கள். நெகேமியா அவர்களைப் பார்த்து, ஏன் சிக்கனமாக இல்லை என்று கேட்கவில்லை. வட்டி வாங்கின பிரபுக்களைக் கூட்டி வைத்து, வயலையும் வாங்கின வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கோயிலில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற வட்டிக்காரர்களும் இதை வாசிக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 14
பவுன் 70,000-ஐத் தாண்டிவிட்டது, நகையை விற்றது தப்பு என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் நேற்று பேப்பரைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விற்காமல் இருந்தால் மூன்றரைப் பவுன் இன்று 2,45,000. ஆனால் மூணு வட்டி ஓடியிருக்கும். மாதம் 3,600, நாலு வருஷத்துக்கு 1,72,800. அசல் 1,20,000 அப்படியே நிற்கும். சேர்த்தால் 2,92,800. விற்றதுதான் சரி. வயிற்றைப் பிசைந்தது கணக்கினால் அல்ல, அது அம்மா போட்ட செயின் என்பதால்.

2025 ஏப்ரல் 20, ஈஸ்டர்
ஜாமீன் விஷயத்தை இதுவரை தவிர்த்து வந்தேன். அந்த நண்பர் இவரோடு ஞாயிறு பள்ளியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர். வண்டிக் கடனை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். நீதிமொழிகள் 6 பிணை நிற்காதே என்று எச்சரிப்பதோடு விடவில்லை. நின்றுவிட்டால் தூங்காதே, போய் வருந்திக் கேட்டுத் தப்பித்துக்கொள் என்கிறது. இவர் போய்க் கேட்கக் கூச்சப்பட்டார். 68,000-ஐயும் நாங்களே கட்டினோம்.

இப்போது நாங்கள்தான் கடன் கொடுத்தவர்கள். ஒவ்வொரு ஞாயிறும் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரி வரும்போது இவர் வாயை மூடிக்கொள்வார். நான் பக்கத்தில் நிற்பதால் எனக்குத் தெரியும். மத்தேயு 18-ல் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டவன் வெளியே வந்து நூறு வெள்ளிப்பணத்துக்காகத் தன் உடன்வேலைக்காரன் தொண்டையைப் பிடிக்கிறான். அது நாங்கள் இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.

இன்று காலை நண்பரின் அம்மா கோயிலுக்கு வந்திருந்தார்கள். நாலு வருஷமாக எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். இவர் போய் ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லிக் கையைப் பிடித்தார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மன்னித்துவிட்டோமா என்று கேட்டால் தெரியாது. நோட்டில் அந்த வரியை இன்னும் அடிக்கவில்லை.

2025 மே 3
கேள்வி கேட்ட தம்பியே எழுதியிருக்கிறார், சந்தோஷம். ஐயரிடம் பேசினாராம், காணிக்கையைக் குறைத்தாராம், கார்டை இஎம்ஐ-யாக மாற்றினாராம். எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று கேட்கிறார், சின்னதையா, வட்டி அதிகமானதையா? வட்டி அதிகமானதை. சின்னதை முடித்தால் மனசுக்குத் தெம்பு வரும் என்பதும் உண்மைதான், எங்களுக்குக் குழுக் கடன் முடிந்த வாரம் அப்படி இருந்தது. இருந்தாலும் வட்டிதான் முதல்.

2025 மே 4
இரவு தூக்கம் வரவில்லை. நேற்று எழுதிய பதில் பாதிதான்.

எங்கள் நோட்டில் ஐந்து வரி என்று முதல் நாள் எழுதினேன். ஆறாவது ஒன்று இருந்தது, நாங்கள் எழுதவில்லை. பால்காரம்மா. 2020 ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை தினமும் பால் ஊற்றினார்கள், எப்போதாவது கொஞ்சம் கொடுத்தோம். "பிள்ளைங்க குடிக்கட்டும் டீச்சர், இருக்கும்போது குடுங்க" என்றார்கள். அவர்களுக்கு இரண்டே மாடு. வட்டி இல்லை, புரோநோட்டு இல்லை, வாசலில் வந்து சத்தம் போடவில்லை. அதனால் அது எங்களுக்குக் கடனாகவே தெரியவில்லை. வங்கிக்கு ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டினோம். 2024 மே மாதம் அடகு நகையை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தேன். கூலிக்காரன் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதின்மேல் ஆவலாயிருக்கிறான் என்கிறது உபாகமம் 24:15. திரிகைக் கல் வசனத்துக்கு ஒன்பது வசனம் தள்ளித்தான் இருக்கிறது. அதை எடுத்து இவருக்குக் காட்டினேனே, இதைப் பார்க்கவில்லை.

ஜூனில்தான் போனேன். என் கணக்குப்படி 7,400. அவர்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் 7,150. அதைத்தான் வாங்கிக்கொண்டார்கள். 250-ஐத் திருப்பி என் கையில் வைத்துவிட்டார்கள்.

தம்பி, வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள் என்று சொன்னதை மாற்றுகிறேன். உங்களிடம் கேட்க வாயில்லாதவருக்குக் கொடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால், அது முதலில். பட்டியலில் பால், மளிகை, அயர்ன்காரர், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, கைமாற்று கொடுத்த கூட்டாளி எல்லாம் எழுதியிருக்கிறீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.